ஹீட்டர் நன்றாக இருந்ததா என்று கேட்டார்கள்

தசரதனின் தொடையில் பழுக்கக் காய்ந்த கம்பி பாய்ந்த காலையில் மில்லின் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்தக் காருக்கு மெக்கானிக் நான்.

வண்டி வேலை பழகுகிறவர்கள் சிலர் என்னிடம் எஞ்சின் பிளாக் ஹீட்டரைப் பற்றிக் கேட்டதுண்டு. பனி உறைகிற தேசங்களில் இரவெல்லாம் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கிற சாமான், நம் ஊர் வெயிலில் அதற்கென்ன வேலை என்று சிரிப்பார்கள். நான் ஒன்று பொருத்தியிருக்கிறேன். அதைப் பற்றி முழுக்க எழுதிவிடுகிறேன்.

1. வண்டி

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி உருளைகளுக்கிடையில் விட்டுக் கம்பியாக்கும் இடம். பொன்னேரியிலிருந்து ரயிலில் போய் வருவேன். லாரி இரண்டு, மேனேஜருக்கு ஒரு கார். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியதும், காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு பழைய வேனின் டீசல் எஞ்சினைப் போடச் சொன்னார் மேனேஜர். போட்டேன். மில்லுக்கு ஆம்புலன்ஸ் கிடையாது. யாருக்காவது அடிபட்டால் அந்தக் கார்தான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டிரைவர் முனுசாமி அண்ணன், பழவேற்காட்டு மீனவக் குடும்பம். மில் குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் இருந்தார். தன் குப்பத்துப் பையனான தசரதனை அவர்தான் மில்லில் சேர்த்துவிட்டார். இருவரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

இரண்டு வருஷத்தில் எஞ்சின் தளர்ந்துவிட்டது. மழைக்காலம் வந்துவிட்டால் காலையில் எழுந்திருக்காது. ஸ்டார்ட் பண்ணும் முன் உள்ளே சூடேற்ற ஹீட்டர் பிளக் என்று ஒன்று உண்டு; அது நன்றாகத்தான் இருந்தது. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தேன். நாலு சிலிண்டரில் இரண்டில் அழுத்தம் இறங்கியிருந்தது. ரிங் தேய்மானம்.

முனுசாமி அண்ணன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். எடை மேடைப் பக்கத்துச் சரிவில் வண்டியை நிறுத்துவார். காலையில் பிரேக்கை எடுத்துவிட்டு உருட்டி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

நான் மேனேஜரிடம் சொன்னேன். "எஞ்சினை இறக்கி ரிங் மாத்தணும் சார். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம் வண்டி இல்லாம நான் இன்னா பண்றது?" என்றார். அவர் ஜெர்மனியில் பயிற்சிக்குப் போய் வந்தவர். "அங்க ராத்திரி கரண்ட்ல சொருகி வெச்சிடுவான் ஏகாம்பரம். காலைல தொட்டா ஸ்டார்ட். பிளாக் ஹீட்டர்னு பேரு. உன்னால போட முடியுமா?"

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எனக்குத் தெரியும்: சூடு கொடுத்தால் தேய்ந்த ரிங் சரியாகிவிடாது. ஆனால் இந்த வட்டாரத்தில் எவனும் அதைப் போட்டதில்லை என்பதுதான் அந்த நேரத்தில் என் தலையில் ஓடியது. "போட்ரலாம் சார்" என்றேன்.

2. எந்த ஹீட்டர்

துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் விற்கும் கடைகளில் இரண்டு நாள் அலைந்தேன். மூன்று விதம் கிடைத்தது. ஒன்று காந்தம் வைத்தது. ஆயில் சேம்பரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். நம் ரோட்டுப் பள்ளத்தில் ஒரே நாளில் விழுந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்று ரேடியேட்டரின் கீழ் ஹோஸை வெட்டி நடுவில் வைப்பது. இரண்டு கிளிப் கூடுதல், ஒழுக இரண்டு இடம் கூடுதல். மூன்றாவது, பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக் என்ற தகர மூடியை எடுத்துவிட்டு அதே ஓட்டையில் உட்காருவது. எலிமெண்ட், அதாவது சூடாகிற கம்பி, நேராக எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும்.

மூன்றாவதை எடுத்தேன். குறித்துக்கொண்டு போன கோர் பிளக்கின் அளவை வைத்து, ஓட்டைக்குப் பொருந்துமா என்று பார்த்தேன். நூற்றுப் பத்து வோல்ட் சாமான்களை ஒதுக்கிவிட்டு, நம் லைனுக்கு ஏற்றதாகத் தேடி எடுத்தேன். தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. இதை இன்றைக்கும் சொல்வேன்.

3. பொருத்தியது

தண்ணீரை இறக்கி, கோர் பிளக்கைத் தட்டி எடுத்தேன். ஓட்டையின் விளிம்பைத் துடைத்து, ஹீட்டரை உட்கார வைத்து, எலிமெண்ட் சிலிண்டர் சுவரில் படாமல் திருப்பி, ஸ்க்ரூவை முறுக்கினேன். ஷெட்டில் மூன்று பின் சாக்கெட், எர்த் ஒயர், சிவப்பு லைட் எல்லாம் வைத்தேன். தண்ணீரை ஊற்றினேன்.

இதற்குப் பிறகு ஒரு வேலை உண்டு. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் காற்றை வெளியேற்றி, மறுபடி தண்ணீர் நிரப்பிய பிறகுதான் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். எலிமெண்ட்டைச் சுற்றிக் காற்று நின்றால் அது கருகும். எனக்கு இது தெரியும். அப்போது மேனேஜர் இரண்டு விருந்தாளிகளோடு ஷெட்டுக்கு வந்தார்.

"ஆயிடுச்சா? போடு, பாக்கலாம்."

போட்டேன். பிளாக்குக்குள்ளே சுர்ரென்று ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. சிவப்பு லைட் எரிந்தது, கொஞ்ச நேரத்தில் பிளாக் சுட்டது, விருந்தாளிகள் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். சத்தத்தை நான் மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து முனுசாமி அண்ணன் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பிளக்கைச் சொருகுவார். ஆறு மணிக்கு வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. சாக்கெட் ஷெட்டில் இருந்ததால் வண்டி சமதரையிலேயே நின்றது. சரிவில் நிறுத்துகிற பழக்கம் போய்விட்டது. எஞ்சினை இறக்கும் பேச்சும் போய்விட்டது.

4. கார்த்திகை மழை

ஒரு மாதம் ஓடியிருக்கும். இரவு முழுக்க மழை. காலை ஷிஃப்ட் தொடங்கிய சற்று நேரத்தில், முனுசாமி அண்ணன் வண்டியை எடுக்கும் முன்பே, உருளையிலிருந்து ஒரு கம்பி தடம் மாறித் துள்ளித் தசரதனின் இடது தொடையைத் துளைத்தது. மில் கம்பவுண்டர் துணியால் இறுக்கிக் கட்டினார். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடி வந்தார்கள். நானும் ஓடினேன்.

முனுசாமி அண்ணன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பாட்டரி இறங்கிக்கொண்டே வந்தது.

"தள்ளுங்கடா" என்றார்.

தள்ளினோம். ஷெட்டுக்கு வெளியே முழங்கால் வரை சேறு. சக்கரம் உருளாமல் வழுக்கியது. சரிவு வரை கொண்டு போக முடியவில்லை. மில்லின் லாரி இரண்டும் லோடோடு வெளியூர் போயிருந்தன. கடைசியில் லோடு இறக்க வந்த ஒரு லாரியின் டிரைவரை ஸ்டேஷன் பக்கம் தேடிப் பிடித்து, தசரதனைத் திறந்த லாரியில் படுக்க வைத்துத் தார்ப்பாய் போர்த்தி அனுப்பினோம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. லாரி கேட்டைத் தாண்டும்போது முனுசாமி அண்ணன் பின்னால் ஏறி உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவன் இடது காலை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

அன்று பிற்பகல் யாரும் இல்லாத நேரத்தில் ஹீட்டரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை; உள்ளே கம்பி அறுந்திருந்தது. கழற்றினேன். எலிமெண்ட் மேல்பக்கம் கருகி வெடித்திருந்தது; முதல் நாள் காற்றில் கருகிய இடம் ஒரு மாதம் தாங்கிவிட்டு விட்டுப்போயிருக்கிறது. லைட்டை நான் சாக்கெட்டோடு இணைத்திருந்தேன். எலிமெண்ட் செத்தாலும் லைட் எரியும். ஹீட்டரைத் துணியில் சுற்றிப் பழைய இரும்புக் குவியலில் போட்டுவிட்டு, ஓட்டைக்குக் கோர் பிளக்கை அடித்தேன்.

5. விசாரணை

மறுநாள் மேனேஜர் அறை. முனுசாமி அண்ணன் கை கட்டி நின்றார்.

"நாலரைக்கு சொருகினேன் சார். செவப்பு லைட்டு எரிஞ்சுது. என் கண்ணால பாத்தேன்."

"சொருகியிருந்தா எஞ்சின் ஏன்யா ஜில்லுனு கெடந்துச்சு? மழைக்குப் போத்திக்கினு தூங்கிட்ட. சொல்லிடு."

"இல்ல சார்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஏகாம்பரம், ஹீட்டர் நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு சார்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம் பாதி. நான் போட்டது கெட்டது என்று என் வாயால் சொல்ல முடியாமல் போனது மீதி. முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். மேனேஜர் அவர் கணக்கை முடிக்கச் சொன்னார். அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் மேனேஜர் எஞ்சினை இறக்கச் சொன்னார். ஏழு நாள் கார் இல்லாமல் மில் ஓடியது.

6. பொன்னேரியும் பழவேற்காடும்

நாலு வருஷம் கழித்துப் பொன்னேரி சந்தையில் ஒருவன் என்னைக் கூப்பிட்டான். கட்டைக்கால் ஊன்றிய தசரதன். மனைவியின் ஊரோடு வந்து சைக்கிள் கடை வைத்திருந்தான். வற்புறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான்.

"உன்ன ஒண்ணும் சொல்லக்கூடாதுண்ணே. நீ ஒழுங்காத்தான் போட்ட. அந்தாளுதான் சொருகாம தூங்கிட்டான். என்ன வேலைல சேத்து உட்டதும் அவன், காலை வாங்கினதும் அவன். அவன் பொண்ணு கண்ணாலத்துக்குக் கூப்ட வந்தான். மூஞ்சில முழிக்காதன்னு அனுப்ச்சிட்டேன்."

அந்த டீயை நான் குடித்து முடித்தேன். அதையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு பழவேற்காடு போனேன். முனுசாமி அண்ணன் ஏரிக்கரையில் படகு நிழலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காற்று எடுக்காமல் கரண்ட் போட்டது, சத்தம், மீட்டர், இரும்புக் குவியல்.

அவர் கை நிற்கவில்லை.

"எனுக்குத் தெரியும் ஏகாம்பரம். அன்னிக்கு சாவி போடறதுக்கு மின்னாடி பிளாக்கத் தொட்டுப் பாத்தேன். பிளக்கு சொருகியிருக்குது, லைட்டு எரியுது, பிளாக்கு ஜில்லுனு கீது. வேற இன்னாவா இருக்கும்?"

"அப்ப ஏண்ணே மேனேஜர்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவர் வலையின் அடுத்த சிக்கைப் பிரித்தார்.

"என்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? எனுக்குத் தெரிஞ்சதுதான. காலு போனவன்கிட்ட போய்ச் சொல்லு. நான் திருடல, குடிக்கல, தூங்கலன்னு அவனுக்கு ஒருத்தர் சொல்லணும்."

அன்றே பொன்னேரி திரும்பி நேராகச் சைக்கிள் கடைக்குப் போனேன். தசரதன் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி, குமிழி வருகிறதா என்று பார்த்தான்.

"பழவேற்காட்டுக்கு இப்ப பஸ் கீதா?" என்று கேட்டான்.

"அஞ்சரைக்கு ஒண்ணு இருக்கு. நானும் வரேன்."

"நீ வரவேணாம்."

கடையைப் பூட்டி, கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான்.

மில் ஆபீஸுக்கும் எழுதிக் கொடுத்தேன். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார், பழைய கதையை ஏன் கிளறுகிறாய் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நம் ஊரில் டீசல் வண்டி காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் முதலில் கம்ப்ரெஷனைப் பாருங்கள். சூடு வைத்துத் தளர்ந்த எஞ்சினை மறைக்காதீர்கள். ஹீட்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் காற்றை எடுத்துவிட்டுக் கரண்ட் கொடுங்கள். எந்தப் பெரிய மனிதர் வந்து நின்றாலும் சரி. நீங்கள் செய்தது நன்றாக இருந்ததா என்று யாராவது கேட்டால், கேட்ட அறையிலேயே, கேட்ட நாளிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிறகு போய்ச் சொன்னதில் எனக்குப் பாரம் கொஞ்சம் குறைந்தது. முனுசாமி அண்ணன் அதற்கப்புறம் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை.