இலுப்பெண்ணெய் குடித்த பிக்கப்

எண்ணெய் வைத்த தலையோடு சுன்னாகத்துக்குச் சைக்கிளில் போய்த் திரும்பிய ஒரு வெள்ளிக்கிழமை, முகம் துடைத்த துவாயைப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வெள்ளைத் துவாய் செங்கல் நிறமாகியிருந்தது. சட்டையில் படிந்த புழுதி தட்டியதும் போய்விட்டது. தலையில் படிந்தது ஒரு துகளும் அசையவில்லை. எண்ணெய் அதைப் பிடித்து வைத்திருந்தது. துவாயைத் தோளில் போட்டபடி நேரே பிக்கப் நின்ற இடத்துக்கு ஓடினேன்.

அப்பாவின் பிக்கப் என்னிலும் இரண்டு வயது மூத்த டீசல் வண்டி. தோட்டக்காரரின் வெங்காயத்தைச் சந்தைக்கு ஏற்றுவதுதான் எங்கள் சீவியம். சண்டையும் பொருள் தடையும் இருந்த அந்த வருடங்களில் டீசல் எங்கள் பக்கம் வராது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்து எரிபொருள் ராங்கியில் ஊற்றுவோம். வண்டி பொரியல் மணத்தோடு ஓடும். எஞ்சின் ஒயிலும் வராது. ஆனால் அந்த வண்டியில் எஞ்சினுக்கு வெளியேயும் ஒயில் கேட்கும் இடம் ஒன்று இருந்தது. உள்ளே இழுபடும் காற்று முதலில் ஒரு கிண்ணத்து ஒயிலுக்கு மேலாகப் போகும். புழுதி அதில் ஒட்டிக்கொள்ள, சுத்தமான காற்று எஞ்சினுக்குப் போகும். தார் பெயர்ந்த ரோட்டுகளில் ஓடி ஓடி அந்த ஒயில் சேறாகிவிட்டிருந்தது. வழித்து எறிந்தாயிற்று, திரும்ப ஊற்ற ஒன்றுமில்லை. வெறும் கிண்ணத்தோடு ஓடினால் செம்மண் எஞ்சினை அரைத்துவிடும். மாற்றிப் போட ஒரு சின்ன உதிரிப்பாகமும் கிடைக்காத காலம் அது. எஞ்சின் போனால் எங்கள் அடுப்பும் போனது.

அப்பா ஒரு கிழமையாக வண்டியை எடுக்கவில்லை. கரவெட்டியில் வெங்காயம் கிண்டி வைத்திருந்த தோட்டக்காரர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்: "சனிக்கிழமை வராட்டி நான் வேறை ஆளைப் பிடிக்கிறன்." அவர் போனால் அவருக்குப் பக்கத்துத் தோட்டங்களும் போகும்.

சவர்க்காரம் இல்லையென்றால் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். மின்சாரம் இல்லையென்றால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். எதற்கும் பதிலாக இன்னொன்று உண்டு என்ற நம்பிக்கை எங்கள் எல்லோருக்கும் ஊறியிருந்தது. ரியூசனில் பௌதிகம் படித்த எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே ஊறியிருந்தது.

"அம்மா, இலுப்பெண்ணெய் எவ்வளவு கிடக்கு?"

"ரெண்டு போத்தில். கோயில் விளக்குக்கு வைச்சது. ஏன்?"

"பிக்கப்புக்கு."

"அண்ணை பிக்கப்புக்கு விளக்கு ஏத்தப் போறாராம்," என்றாள் தங்கை. "அப்பிடியே ஒரு தேங்காயும் உடைச்சு விடுங்கோ."

ஒரு போத்திலை வாங்கிக்கொண்டேன். எண்ணெய் தடிப்பாக இருந்தது. மண்ணெண்ணெய் விட்டு இளக்கினேன். கிண்ணத்தின் உட்பக்கத்தில், இவ்வளவுதான் ஊற்றலாம் என்று ஒரு கோடு இருந்தது. கோடு போட்டவனுக்கு எங்கள் செம்மண்ணைத் தெரியாது என்று நினைத்தேன். கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அளவு ஊற்றி மூடினேன். அப்பா ரோட்டுச் சந்திக்குப் போயிருந்தார். அவர் வரும்போது வண்டி ஓடிக்கொண்டு நிற்க வேண்டும்.

திறப்பைப் போட்டுத் திருகிய முதல் தரமே எஞ்சின் பிடித்துவிட்டது. இறங்கி, பாத்தியோ என்று தங்கையின் பக்கம் திரும்பினேன். பின்னால் எஞ்சினின் சத்தம் ஏறத் தொடங்கியது. என் கால் எந்த மிதியிலும் இல்லை, நான் கீழே நின்றேன். அது தானாக ஏறியது. எட்டிப் போய்த் திறப்பைத் திருகி எடுத்தேன். நிற்கவில்லை. நிறுத்துகிற கம்பியை இழுத்தேன். நிற்கவில்லை. சத்தம் இரைச்சலாகி, இரைச்சல் கீச்சிடலாகி, வண்டி முழுவதும் நடுங்கியது. வெள்ளைப் புகை முற்றத்தை மூடியது. முன் வீட்டில் யாரோ, குண்டு போடுகிற விமானமென்று நினைத்து, "பொம்மர், பொம்மர்" என்று கத்தியபடி பங்கருக்குள் இறங்குவது கேட்டது.

"நிப்பாட்டடா," என்றார் அம்மா.

"திறப்பு என்ரை கையிலைதான் இருக்கு."

அதைச் சொன்னதுதான் ஞாபகம். கையில் திறப்பு, கண்முன்னே ஓடுகிற எஞ்சின். படித்த எதிலும் அப்படி ஒன்று இல்லை. அம்மா கிணற்றடியில் ஊறிக்கிடந்த சாக்கைத் தூக்கி வந்து, திறந்திருந்த பொனற்றுக்குள் எறிந்தார். சாக்கு காற்று இழுக்கிற வாயில் போய்ச் சப்பென்று ஒட்டியது. எஞ்சின் இரண்டு தரம் விக்கி நின்றது.

"நெருப்பு நூந்திட்டுது," என்றார் அம்மா. புகையை நெருப்பென்று நினைத்து அணைத்திருக்கிறார்.

அப்பா வந்தபோது அவருடைய வேட்டியெல்லாம் சேறு.

"சந்தியிலை எல்லாரும் வாய்க்காலுக்கை விழுந்து படுத்தனாங்கள். என்ரை வண்டியிலை இருந்தோ வந்தது?"

அவர் எஞ்சினைத் தொட்டுக் கையை உதறினார். கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் ஒரு கரண்டி எண்ணெய்கூட இல்லை.

"இதுக்கை என்ன ஊத்தினனீ?"

"இலுப்பெண்ணெய். தடிப்பெண்டு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தனான்."

"நாங்கள் ராங்கிக்குள்ளை என்ன ஊத்துறனாங்கள்?"

"மண்ணெண்ணெயும் தேங்காயெண்…"

சொல்லும்போதே விளங்கிவிட்டது. புழுதி பிடிக்க எண்ணெய் வைத்ததாக நினைத்தவன், எஞ்சினின் மூக்கு வழியே அதற்குச் சாப்பாடு ஊற்றியிருந்தேன். கோட்டுக்கு மேலே நின்றதைக் காற்று அள்ளத் தொடங்கி, இளக்கி வைத்த மிச்சத்தையும் கொண்டு போயிருக்கிறது. வந்த வழியை எஞ்சின் பார்க்கவில்லை. எண்ணெய் என்றதும் எரித்துவிட்டது. திறப்பு அடைப்பது ராங்கியின் வழியை மட்டும்தான்.

"இது செத்துதோ, உயிரோடை கிடக்குதோ எண்டு பாப்பம்," என்று அப்பா திறப்புக்குக் கை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. "வேண்டாம் அப்பா. எரியாத எண்ணெய் பிஸ்ரனுக்கு மேலை நிண்டாலும் நிக்கும். காத்தெண்டா அமுங்கும், எண்ணெய் அமுங்காது. ஸ்ராட்டரின்ரை இழுவைக்குப் பிஸ்ரனைத் தள்ளுற கம்பி வளைஞ்சிடும்."

"இதுவும் யோசினையோ?"

"இல்லை. இது பாடம்."

அப்பா நீட்டிய கையை எடுத்தார். பிறகு சேற்று வேட்டியோடு வாசல் படலையடியில் குந்தி, நாளைக் காலை கரவெட்டிக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம் என்று என்னிடமே கேட்டார். ஏழு மணி என்றேன். அப்படியென்றால் ஐந்து மணிக்கே தொடங்க வேண்டும். எண்ணெய் பீச்சுகிற இன்செக்ரர் நான்கையும் கழற்றி, அந்த ஓட்டைகளுக்கு மேலே துணி பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். அப்பா முன்னால் கைபிடியைச் செருகி மெல்லச் சுற்றுவார். உள்ளே நிற்கிற எண்ணெய் மேலே பாயும். பிறகு எங்கும் இறுகாமல் இரண்டு சுற்று முழுதாக வரவேண்டும். வந்தால், மிச்சமுள்ள போத்திலை மண்ணெண்ணெய் கலக்காமல் கிண்ணத்தின் கோடுவரை மட்டும் ஊற்றிக்கொண்டு வெளிக்கிடலாம்.