பலாமரத்தடியில் நான் போட்ட கோடு

ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று நான் எழுதிக் கொடுத்தேன். அது பொய். 1983 பங்குனியில், செங்கோட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஆமினா என்பவர் வீட்டில் சாண எரிவாயுக் குழிக்கு இடம் குறிக்க அரசு அலுவலராகப் போயிருந்தேன். வெயில் பொறுக்காமல் பலாமரத்தடியில் ஒதுங்கியவன், நின்ற இடத்திலேயே சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டேன். அங்கேயே குழி வெட்டினார்கள்; ஆடியில் வாயு வரவில்லை. போய்ப் பார்க்காமலே, “வீட்டுக்காரி சாணம் கரைத்து ஊற்றுவதில்லை” என்று அறிக்கை எழுதினேன். பஞ்சாயத்துக் கூட்டத்தில் அதை ஊரார் முன் வாசித்தார்கள்.

1985 ஆடியில், புதிதாகச் சேர்ந்த அலுவலர்கள் ஆறு பேருக்குக் குழிகளைக் காட்ட அழைத்துப் போனேன். காலை ஆறு மணிக்குத் தென்காசியில் பஸ் ஏறி முதலில் ராயகிரி. அங்கே சுப்பையா என்ற விவசாயியின் களத்தில், குழிமேல் கவிழ்த்த இரும்பு டிரம் வாயு நிறைந்து ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது.

“நிழலில் வெட்டியிருந்தால்?” என்று நானே கேட்டேன்.

“சாணி புளிக்கச் சூடு வேணும்லா சார். எந்தக் கோட்டிக்காரப் பய நெழல்ல போய்க் குழி வெட்டுவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதியம் குற்றாலம். ஆறு பேரையும் ஐந்தருவியில் குளிக்க விட்டுவிட்டு, தனியாகச் செங்கோட்டை பஸ் பிடித்தேன். டிக்கெட் எண்பது பைசா. வழியெல்லாம் சாரல். ஆமினா மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். கணவர் துபாயில் இருந்தார். தவறு என்னுடையது என்று சொன்னேன்.

அவர் புல் உதறுவதை நிறுத்தவில்லை. “ஊரக் கூட்டி வச்சு வாசிச்சிய. இப்ப மாட்டுத் தொழுவுல வந்து மெதுவாச் சொல்லுதிய. மாடா என்னைய ஏசிச்சு?”

அடுத்த கூட்டத்துக்குப் போய், எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னேன். ஒரு பெரியவர், “அந்தப் பிள்ள தெனம் சாணி கரைக்கத நாங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தோம். ஆபீசர் எழுதிட்டா யாரு வாயத் திறப்பா?” என்றார்.

பஞ்சாயத்து வாசலில் நின்ற ஆமினா, “பங்குனி வெயில்ல வாங்க சார், வேற இடம் பாப்போம்” என்றார்.

போனேன். முற்றத்தின் கிழக்குப் பக்கம் ஓர் இடத்தைக் காட்டினார். “இங்கனயே நில்லுங்க. நெழல் எப்ப விழுதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

“காலையிலிருந்தா?”

“சாயந்திரம் வரைக்கும். மோரு தாரேன்.”

நின்றேன். தெருவில் போனவர்கள், “ஆபீசர் வத்தலாவுதாரு” என்று கேலி பேசினார்கள். ஐந்து மணி வரை மரநிழல் என் காலைத் தொடவில்லை. சுண்ணாம்பை அவர் கையில் கொடுத்தேன். கோட்டை அவரே போட்டார்.

அந்த வருட ஆடியில் மறுபடி போனேன். சாரலுக்கு டிரம் பாதி உயரம்தான் எழும்பியிருந்தது. ஒரு வேளைச் சமையலுக்குப் போதும் என்றார். அந்த அடுப்பிலேயே டீ போட்டார். பலாமரத்தடியில் நாற்காலி கிடந்தது.

“இனி அங்கன இருங்க சார்,” என்றார். “கோடு மட்டும் போட்றாதிய.”