நூற்று எண்பத்தொன்று

கணக்கு டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. மறுநாள் வகுப்பில் எதை நடத்தப் போகிறாரோ, அதை முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்காரர் தலையில் கட்டிவிடுவார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் அந்த மனிதர், டீ குடித்து முடிப்பதற்குள் எட்டாம் வகுப்பு மாணவராகிவிட வேண்டும். சின்ன வயதில் கணக்கு என்றாலே காத தூரம் ஓடியவர். இவருக்கே புரிந்துவிட்டால் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகாது என்று டீச்சர் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார். அவரும் சிரித்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து இப்படியே பின்னம், விகிதம், வட்டி எல்லாவற்றிலும் ஒருவாறு தேறியிருந்தார்.

படத்தை விரலால் நகர்த்திக் கணக்குப் பார்க்கும் பக்கங்கள் இணையத்தில் வந்தபோது, மற்ற டீச்சர்கள் நமக்கெதற்கு வம்பு என்று நழுவினார்கள். இவர் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு கற்றுக்கொண்டவர். கீபோர்டை ஒற்றை விரலால் கொத்துவார், பாஸ்வேர்டை மறப்பார், மறந்ததற்குக் கம்ப்யூட்டரைத் திட்டுவார். ஆனாலும் கரும்பலகையில் போட்ட முக்கோணம் போட்ட இடத்திலேயே கிடக்கும், திரையில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முக்கோணமே வளைந்து கொடுக்கும் என்று கண்ட நாளில் அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. தலைமையாசிரியரிடம் ஒற்றைக்காலில் நின்று, வாரத்தில் ஒரு பீரியட் எட்டாம் வகுப்புக்குப் பள்ளியிலிருந்த டேப்லெட்டுகளை, அதாவது டேப்களை, வாங்கிவிட்டார்.

அந்தப் பீரியடுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

“பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை நெருங்குது டீச்சர். டேப் எல்லாம் அவங்களுக்கு வேணும். உங்க பிள்ளைங்க அதுல விளையாடுறாங்கன்னு சொல்றாங்க,” என்றார் தலைமையாசிரியர்.

“யாரு சார் சொன்னது? வந்து பாருங்க. பாத்துட்டு எடுத்துக்குங்க.”

“சரி, நாளைக்கு வர்றேன். பாத்துட்டு முடிவு பண்றேன்.”

வீராப்பாகப் பேசிவிட்டு வந்தாரே தவிர, பீரியட் போய்விடுமோ என்ற பயம் டீச்சருக்கு இருந்தது. அன்று வீட்டுக்காரருக்கு டீயோடு டேபும் வந்தது. பாடம் இதுதான்: முக்கோணத்தை எப்படி இழுத்தாலும் மூன்று கோணங்களும் சேர்ந்து நூற்று எண்பது. அவர் தடித்த விரலால் இழுத்ததில் முனை திரைக்கு வெளியே ஓடிவிட்டது.

“ஐயோ, மெதுவா! இப்ப மூணு கோணத்தையும் கூட்டுங்க.”

“நூத்தி எண்பதுன்னு நீதானே சொன்னே? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்புறம் என்னத்துக்குக் கூட்டணும்?”

இந்தப் பேச்சில் குளிர்ந்துபோய் டீச்சரும் கூட்டிப் பார்க்காமல் விட்டார்.

மறுநாள் தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கம்போல நெட் வர மறுத்தது. “சுத்துது டீச்சர், சுத்திக்கிட்டே இருக்கு” என்று நாலு பக்கமும் குரல். டீச்சர் தன் போனிலிருந்து நெட் கொடுத்தார். பெஞ்சுக்கு ஒரு டேபில் முக்கோணங்கள் தெரிந்தன. பிள்ளைகள் இழுத்தார்கள், கோணங்களைத் தாளில் எழுதிக் கூட்டினார்கள். “நூத்தி எண்பது, நூத்தி எண்பது” என்று வகுப்பு முழங்கியது. டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“டீச்சர், எங்களுக்கு நூத்தி எண்பத்தொன்னு வருது.”

சொன்னவள் இரண்டாம் பெஞ்சு வாயாடி. எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண்.

“சரியாக் கூட்டும்மா.”

“மூணு தடவை கூட்டிட்டேன் டீச்சர். அறுபத்தொன்னு, அறுபது, அறுபது.”

டீச்சர் போய்ப் பார்த்தார். அறுபத்தொன்று, அறுபது, அறுபது. யார் கூட்டினாலும் நூற்று எண்பத்தொன்றுதான். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷமாகத் தலையில் அடித்துச் சொல்லிவந்த நூற்று எண்பது, இன்று பார்த்தா காலை வார வேண்டும்? கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர் கட்டிய கையை அவிழ்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மிஷின் கோளாறு, முனையைக் கொஞ்சம் நகர்த்து என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நகர்த்தினால் சரியாகிவிடும், பீரியடும் பிழைத்துவிடும். வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பொய் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.

“எனக்கும் தெரியலையேம்மா. அதைத் தொடாம அப்படியே வை. வேற யாருக்காவது நூத்தி எண்பது வராம இருந்துச்சா? உள்ளதைச் சொல்லுங்க.”

ஜன்னலோரத்துப் பையன் எழுந்தான். “நூத்தி எழுபத்தொம்பது வந்துச்சு டீச்சர். நூத்தி எண்பதுதானே வரணும், அதான் மாத்திக்கிட்டேன்.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று கைகள் அசட்டுச் சிரிப்போடு எழுந்தன. டீச்சருக்குச் சுருக்கென்றது. பாவம், அவர்கள் கூட்டியாவது பார்த்தார்கள். தான் அதுகூடச் செய்யவில்லை.

வாயாடியின் பக்கத்தில் இருந்தவள் அதிகம் பேசாதவள். மெல்ல இழுத்துச் சொன்னாள்: “டீச்சர், முனையைக் கொஞ்சமா நகர்த்தினா கோணம் மாறவே மாட்டேங்குது. நின்னுட்டு நின்னுட்டு டக்குனு மாறுது.”

டீச்சருக்குப் பொறி தட்டியது. முக்கோணம் நகர்கிறது, எண் நகரவில்லை. அப்படியானால் எண் எதையோ விழுங்குகிறது! விடுவிடுவென்று டேபில் அமைப்புகளைத் திறந்து, தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் காட்டச் சொன்னார். அறுபத்தொன்று என்று காட்டிய இடத்தில் 60.6 வந்தது. மற்ற இரண்டும் 59.7, 59.7.

“கூட்டுங்க!” என்று கத்தினார்.

“நூத்தி எண்பது!”

அரைக்கு மேல் இருந்ததையெல்லாம் அந்த இணையப் பக்கம் சத்தம் போடாமல் அடுத்த முழு எண்ணாக ஏற்றிவிட்டிருந்தது. மூன்று கோணமும் ஒரே சமயத்தில் ஏறியதால் ஒன்று கூடிப்போயிற்று. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது டீச்சருக்கு அவர்கள்மீது பாசம் பொங்கிக்கொண்டு வந்தது.

வாயாடி விடுவாளா? “அப்படீன்னா நூத்தி எண்பத்திரண்டும் வருமா டீச்சர்?”

“தசமத்தை எடுத்துட்டு முழு எண்ணாவே வச்சுத் தேடுங்க!”

பிறகு வகுப்பில் கேட்டதெல்லாம் முணுமுணுப்பும் கூட்டல் சத்தமும்தான். நூற்று எழுபத்தொன்பது கிடைத்தது, நூற்று எண்பத்தொன்று ஏராளமாகக் கிடைத்தது. மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து தலைமையாசிரியர் வந்தார். அவர் கையில் ஒரு டேப் இருந்தது. அதைப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகள் அவர் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

“நானும் எவ்வளவோ இழுத்துப் பாத்துட்டேன் டீச்சர். நூத்தி எண்பத்திரண்டு வரவே மாட்டேங்குதே.”

“வராது சார்.”

“அதான், ஏன் வராது?”

“நான் சொல்ல மாட்டேன் சார், அவங்களே கண்டுபிடிக்கட்டும். அடுத்த வாரம் இதே பீரியட்ல...” என்று ஆரம்பித்த டீச்சர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் இந்தப் பீரியட் உண்டா இல்லையா என்பதே தெரியாதே.

தலைமையாசிரியர் குனிந்து இன்னொரு தரம் முனையை இழுத்தார். உதடு அசையக் கூட்டிப் பார்த்தார்.

“சரி, அடுத்த வாரம்,” என்றார், டேபைக் கொடுக்க மனமில்லாமல். “நான் வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுடாதீங்க.”