அன்று வராத பொறி

எங்கள் கார் அன்றைக்கு ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று என் மகள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் அம்மா உள்ளே துணி போர்த்திக் கிடந்தபோது. "அரைமணி முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இவள் என் பக்கம் திரும்பி, "வண்டியை ஒழுங்கா வச்சிருக்கக் கூடாதாப்பா?" என்றாள். அதோடு சரி. பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நசரத்பேட்டையில் அவள் வீட்டிலிருந்து வருவாள், சாப்பாட்டைச் சமையல் மேடையில் வைப்பாள், உட்காராமலே போய்விடுவாள்.

நான் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அடுத்தவன் செய்த சாமானில் குற்றம் கண்டுபிடித்தே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவன். என் சொந்த வண்டியின் குற்றத்தை மட்டும் மூன்று மாதமாகப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. அப்போது எனக்கு எதுவுமே தோன்றவில்லை. துக்கம் துக்கம் என்கிறார்களே, அந்தச் சனியன்கூட வரவில்லை. எழுந்தேன், பல் விளக்கினேன், ஷிப்டுக்குப் போனேன், வந்தேன். கார் குவார்ட்டர்ஸுக்கு முன்னால் கவர் போட்டபடி நின்றது.

அன்றைக்கு விடியும்போது மழை விட்டிருந்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. பின்சீட்டில் என் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "பதறாதீங்க, நிதானமா அடிங்க" என்றாள். நிதானமாக அடித்தேன். பிறகு பைத்தியக்காரன் மாதிரி அடித்தேன். பேட்டரி இறங்கிப்போனது. ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள் அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, "அந்த வண்டியை வித்துத் தொலைங்கப்பா, கண்ணால பார்க்க முடியல" என்றாள் மகள். விற்கலாம். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் அசட்டைதான் காரணம் என்றால் அதைச் சுமந்துவிட்டுப் போகிறேன். இல்லையென்றால் அவளிடம் சொல்லிவிடலாம். பழையபடி என் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிப்பாள்.

அடுத்த ஞாயிறு காலையிலேயே கரையான்சாவடி மெக்கானிக்கை வரவழைத்தேன். பல வருஷமாக இந்த வண்டிக்குக் கை வைக்கிறவன். சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்றை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தான்.

"இன்னா சார், இப்டி போட்டு வச்சிகிறீங்க" என்று கவரை உரித்தான். பிளக்குகளைக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தான். "பிளக்கெல்லாம் புச்சா கீதே?"

"நீதானப்பா மாத்துன, ஆயுத பூஜைக்கு முந்தி. மண்டையில என்ன களிமண்ணா?"

சிரித்தான். ஒரு பிளக்கை ஒயரோடு எஞ்சின் மேல் சாய்த்து வைத்து என்னைச் சாவி போடச் சொன்னான். "கரண்ட் வர்ல சார்." பொறிக்கான கரண்டை உண்டாக்குகிற காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரைப் பிடுங்கி, எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து மறுபடி சுற்றச் சொன்னான். சடசடவென்று நீலமாக அடித்தது. "காயில் நல்லா அட்ச்சிகினு கீது. பிளக்குக்கு மட்டும் வர்ல. நடுவுல எங்கியோ பூடுது."

நடுவில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர். காயிலிலிருந்து வரும் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புகிற, ஒயர்கள் வந்து கூடுகிற கறுப்பு மூடி. ஒயரை மறுபடி செருகினான். கார் கவரை எடுத்து பானட்டோடு சேர்த்து எங்கள் இருவர் தலைக்கும் மேலே இழுத்துவிட்டான். "வெளிச்சத்துல தெரியாது சார். குனிஞ்சி நல்லா பாருங்க."

உள்ளே இருட்டு, பெட்ரோல் வாடை, அவன் வெற்றிலை வாடை. சாவி ஆனில் இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுற்றினான். மூடியின் மேல் மெல்லிய நீலக் கோடு ஒன்று ஊர்ந்து இறங்கி இரும்பில் போய் மறைந்தது. மறுபடியும் ஊர்ந்தது. மூன்று மாதமாக நான் தேடாத குற்றம்.

கவரை விலக்கிவிட்டு மூடியைக் கட்டை விரலால் தேய்த்தான். மஞ்சளாக உதிர்ந்தது. "இன்னா சார் இது, சந்தனமா?"

எங்கள் குவார்ட்டர்ஸில் ஆயுத பூஜை என்றால் அரிவாள்மனையிலிருந்து மிக்ஸி வரை எதுவும் பொட்டுக்குத் தப்பாது. மற்ற வருஷங்களில் என் மனைவி பானட்டின் மேல் மூன்று பொட்டு வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வாள். இந்த முறை பானட்டைத் திறக்கச் சொன்னாள். "வேல பாக்குறது உள்ள கெடக்கு. வெளிய தகரத்துக்குப் பொட்டு வச்சு என்ன செய்ய?" என்று கிண்ணத்தோடு குனிந்தாள். எதற்கு என்ன பெயர் என்று கேட்டுக் கேட்டு வைத்தாள். அந்தக் கறுப்பு மூடி லட்சணமாக இருக்கிறது என்று அதற்கு மட்டும் சுற்றிலும் அரை டஜன், மேலே குங்குமம். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"காஞ்சி கீறப்போ ஒண்ணியும் ஆவாது சார். மழ ஈரம் ஏறிச்சின்னா கரண்டு அது மேலயே ஓடிடும். ஓடிஓடி கரி கோடே வுழுந்துகீது பாருங்க. இனிமே தொட்ச்சாலும் போவாது. மூடியத்தான் மாத்தணும்." பையில் ஒன்று வைத்திருந்தான். மாட்டி, பழைய பெட்ரோல் பட்டது சரிவராது என்று பிளக்குகளைத் துணியிலேயே விட்டுவிட்டு, தன் பையிலிருந்த வேறு செட்டைப் போட்டான். முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்தது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் வந்தது. நான் காரணமில்லை. மகளிடம் சொல்லிவிடலாம். சொன்னால் தன் அம்மாவைப் பற்றி அவள் என்ன நினைப்பாள் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது அவள் கேட்டைத் திறந்துகொண்டு வந்துகொண்டிருந்தாள்.

ஓடுகிற எஞ்சினைப் பார்த்து நின்றுவிட்டாள். "என்னவாம்?"

"அது ஒண்ணியும் இல்லமா, பூசைக்கு..." என்று மெக்கானிக் வாயெடுத்தான்.

"பிளக்கு" என்றேன். "பிளக்கு போயிருந்துருக்கு. மாத்தணும்னு இவன் போன வருஷமே சொன்னான். நான்தான் மாத்தல."

மெக்கானிக் என்னைப் பார்த்தான். துணியில் கிடந்த பளபளக்கும் பிளக்குகளை மெதுவாக மடித்து மூடினான்.

"ஒரு பிளக்கு" என்றாள் அவள். "ஒரு பிளக்கு மாத்தியிருந்தா எங்கம்மா இருந்திருப்பாங்கல்ல?"

"ஆமா."

"எப்படிப்பா இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க?"

நான் கார் கவரை மடிக்க ஆரம்பித்தேன். வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். அவள் தெருமுனை தாண்டியதும் மெக்கானிக் எஞ்சினை அணைத்தான். பிறகு, "ஏன் சார்?" என்றான்.

"அவ அம்மாவ நெனச்சா அவளுக்கு அழுகை மட்டும் வரட்டும்" என்றேன். "கோவம் வந்தா, அதுக்கு நான் இருக்கேன்லா."

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.