அக்கா ரிங்க்கில் இறங்கிய மாலை

ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஸ்கேட்டிங் ரிங்க்கின் கம்பிக் கதவைப் பிடித்தபடி அக்கா நின்றுகொண்டிருந்தாள். கால்களில் எட்டுச் சக்கரங்கள், உடம்பில் பழுப்பு நிறச் சல்வார் கமீஸ், வயது நாற்பத்தேழு. உள்ளே முப்பது பிள்ளைகள் கூச்சலிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே நாற்காலியில் எங்கள் மனமகிழ் மன்றத்தின் தலைவர் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், கக்கத்தில் கோப்புடன், மன்றச் செயலாளராகிய நான். மழை வந்தால் தப்பித்தேன் என்று மேலே பார்த்தேன். ஹைதராபாத் வானம் என் விண்ணப்பம் எதையும் எந்தக் காலத்திலும் பரிசீலித்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன்; குடியிருப்பும் நிறுவனத்தினுடையதே. பாட்மின்டன் ஆடுவதற்கென்று போட்ட சிமென்ட் தளம் கால் வைத்தால் வழுக்கியது. அதை உடைத்து மறுபடி போடுவதற்குப் பதிலாக ஸ்கேட்டிங் ரிங்க் என்று அறிவித்துவிட்டோம். எங்களைப் போன்ற இடங்களில் தவற்றைத் திருத்துவதைவிட அதற்குப் பெயர் மாற்றுவது எளிது. ரிங்க் வந்ததும் விதிகள் வேண்டுமே. ஒரே பிற்பகலில் பதினான்கு விதிகள் எழுதினேன். யார் விளையாடலாம் என்னும் இரண்டாவது விதிக்குப் புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு, மருத்துவச் சலுகை விதிகளில் இருந்த ‘ஊழியரைச் சார்ந்தோர்’ பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டேன். மனைவி, பிள்ளைகள், பெற்றோர், ஊழியரோடு வசிக்கும் விதவைச் சகோதரி. வயது வரம்பு எழுதவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒருவர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு கிளம்புவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலைவர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அக்கா எங்களிடம் வந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தான் திருநெல்வேலிப் பக்கம் பள்ளி ஆசிரியர். அவர் மறைந்தபின், பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அவளைத் தனியே விடக்கூடாது என்று நான்தான் போய் அழைத்துவந்தேன். வந்த வாரமே அவள் பெயரை மருத்துவ அட்டையில் சேர்த்தேன். அட்டையை வாங்கிப் பார்த்தவள், “சார்ந்தோரா? ஒன்னய இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சவ நானு. நல்லா எழுதுன போ” என்றாள். வெள்ளைச் சேலை, ஞாயிறு ஆலயம், மாலையில் குடியிருப்புச் சாலையில் மெதுவாக ஒரு நடை. அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று நான் முடிவு செய்து கோப்பை மூடிவிட்டேன்.

ஆனால் நாங்கள் வளர்ந்தது செகந்திராபாத்தில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கப்பலேறிச் சீமைக்குப் போன ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஒன்று, எடுத்துப்போக இடமில்லாத சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்தபோது, எங்களுக்கு ஒரு ஜோடி இரும்பு ஸ்கேட் வந்தது. செருப்பளவு இரும்புத் தகடு, அடியில் நான்கு சக்கரம், சாவி போட்டுத் திருகினால் ஷூவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஜோடி ஒன்று, பிள்ளைகள் இரண்டு. ஆளுக்கொரு கால் என்று அம்மா தீர்ப்பளித்தாள். இரண்டு நாளில் நான் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு என் காலையும் அக்காவுக்கே விட்டுக்கொடுத்தேன். சனிக்கிழமைகளில் ரயில்வேக்காரர்களின் நடனக் கூடத்து மரத்தரை காலியாக இருக்கும். அங்கே அவள் பின்னோக்கிப் போவாள், ஒற்றைக் காலில் போவாள், சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது திரும்புவாள். பதினாறு வயதில் ஒருநாள் அம்மா, “பெரிய பிள்ளையாயிட்ட, போதும்” என்றாள். அத்தோடு சாவி அம்மாவின் பெட்டிக்குள் போயிற்று.

ஆகவே ஒரு மாலை காபி டம்ளருக்குப் பக்கத்தில் அவள் ஒரு படிவத்தை வைத்தபோது நான் வியந்திருக்கக் கூடாது. வியந்தேன்.

“லேய், இதுல கையெழுத்துப் போடு.”

“இது ரிங்க்ல சேர பிள்ளைகளுக்கு உள்ள ஃபாரம்லா?”

“பிள்ளைகளுக்குன்னு எங்க எழுதிருக்கு? காட்டு பாப்போம்.”

நான் எழுதிய விதிகளை நானே இருமுறை படித்தேன். தூக்குமேடைக் கயிற்றைத் திரித்தவனே அதன் உறுதியைச் சோதிப்பதுபோல் இருந்தது. “சரி, விதியில இல்ல. ஆலயத்துல என்ன சொல்லுவாங்க? காலனியில என்ன சொல்லுவாங்க?”

“அதுக்கும் ஒரு விதி எழுதி வச்சிருக்கியோ?”

“விழுந்தா எலும்பு ஒடியும்க்கா.”

“எலும்பு என்னுதுதானல? இல்ல, அதுவும் ஒன்னயச் சார்ந்ததா?”

உள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். “போட்டுக் குடுங்க. மைனிக்குச் சல்வார் தச்சு முடிச்சாச்சு.” சதி ஒரு வாரமாக என் கூரையின் கீழேயே நடந்திருக்கிறது. அக்கா சிரிக்கவில்லை. “மூணு வருசமா எல்லாரும் என்னய மெதுவா நடங்கன்னே சொல்லுதீங்க. எனக்கு மெதுவா நடக்கப் பிடிக்கலலே” என்றாள். நான் பேனாவைத் திறந்தேன்.

டிஸ்பென்சரி டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்துத் தகுதிச் சான்று எழுதிவிட்டு, தனக்கும் ஒரு படிவம் கிடைக்குமா என்று கேட்டாராம். தலைவர்தான் மிச்சம். அவர் துணைப் பொது மேலாளர், கும்பகோணத்துக்காரர், பின்னால் கேள்வி வரக்கூடிய எதையும் வெறுப்பவர்.

“ஏன் ஓய், உம்ம தமக்கை விழுந்து வச்சா யார் பதில் சொல்றது?”

“விதிப்படி ஊழியர், சார். அதாவது நான்.”

“விதி இடம் குடுக்கறதுன்னா குடுக்கட்டும். ஆனா விதிக்கு ஒரு மயிரிழை விலகினாலும் அன்னியோட சரி, அட்டையை வாங்கிடுவேன். நானே வந்து பாக்கறேன்.”

அப்படித்தான் அந்த மாலை வந்தது. ஆறு மணிக்கு அவள் கம்பிக் கதவை விட்டாள்.

முதல் சுற்று பார்க்கவே பரிதாபமாக இருந்தது. வண்டிகள் நெரியும் ஆபிட்ஸ் சாலையைக் கடப்பவளைப்போல் இரு பக்கமும் பார்த்து, கைப்பிடிக் கம்பியைத் தடவித் தடவிப் போனாள். பிள்ளைகள் ஓரமாய் ஒதுங்கி வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது சுற்றின் பாதியில் கை கம்பியை விட்டது. முழங்கால் தானாக மடங்கியது, தோள் தாழ்ந்தது. முப்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த ஒன்று அவள் கணுக்காலில் விழித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் துப்பட்டா பின்னால் பறக்க, மூலையில் ஒரு காலை மறுகால்மேல் குறுக்கே வைத்து அவள் திரும்பியபோது என்னை அறியாமல் “ஏ!” என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் ரயில் பெட்டிகள்போல் அவள் பின்னால் கோத்துக்கொண்டார்கள். “ஆன்ட்டி, அவுர் ஃபாஸ்ட்!” என்று இன்னும் வேகம் கேட்டுக் கத்தினார்கள். என் நெஞ்சு டமாரம் அடித்தது. நிர்வாகப் பிரிவில் அப்படி அடிப்பதற்கு வாய்ப்பே கிடையாது.

நான்காவது சுற்றில், இரண்டு சிமென்ட் பாளங்கள் சேரும் வெடிப்பில் சக்கரம் சிக்கியது. அவள் உட்கார்ந்தவாக்கில் விழுந்து, நான்கு கஜம் வழுக்கிப் போனாள். நான் கதவுக்கு ஓடினேன். அவள் தரையில் இருந்தபடியே உள்ளங்கையை உயர்த்தினாள்.

“நக்கோலே! வராத, அங்ஙனயே நில்லு!”

நின்றேன். அவள் எழவில்லை. கால்களை நீட்டி உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பா வலியா என்று சில கணம் எனக்கே தெரியவில்லை.

தலைவர் எழுந்து என்னருகில் வந்தார். “விதி என்ன சொல்றது ஓய்?”

விதி தெளிவாகச் சொன்னது. அதை எழுதியவன் நான். விழுந்த அரை நிமிடத்துக்குள் தானாக எழாத ஒருவரை வெளியேற்றி, உறுப்பினர் அட்டையைத் திரும்பப் பெற வேண்டும். ஒன்பதாவது விதி, கோப்பில் இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. என் கைக்கடிகாரத்தில் நாற்பது விநாடி கடந்திருந்தது. கோப்பைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

“ஒண்ணும் சொல்லல, சார்.”

“ஒண்ணுமேவா?”

“விழுந்தவங்க எழுந்துக்கலாம், சார். அதுக்குத் தடை இல்ல.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். விதி கேட்டால் பக்க எண்ணோடு சொல்பவன் என்று பெயர் வாங்கியவன் நான், நம்பிவிட்டார். போய் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். என் பணிக்காலம் முழுவதிலும் மேலதிகாரியிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. மற்றவர்கள் பதவி உயர்வுக்காக இதைவிடப் பெரியவற்றைச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. பயத்தில் அல்ல என்பதைப் புரிந்துகொள்ளச் சில நாள் ஆயிற்று.

அக்காவுக்கு இப்போது எண்பத்தாறு. நாங்கள் இப்போது குடியிருக்கும் சைனிக்புரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒற்றைப் பலகையில் நின்று, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, யாரிடமும் படிவம் வாங்காமல் போகிறார்கள். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “முட்டிய மடக்குலே, முட்டிய மடக்கு!” என்று அதட்டுகிறாள். அவர்களுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனால் முட்டியை மடக்குகிறார்கள். ஒன்பதாவது விதியைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொன்னால், நான்தான் அன்று அவளைத் தாங்கிப் பிடித்தேன் என்று ஆகிவிடும். அது உண்மையும் அல்ல.

ஏனென்றால் நான் பொய் சொல்லி முடித்து ரிங்க்கைப் பார்த்தபோது, அவள் யாரையும் எதிர்பார்க்காமல் ஒரு முட்டியை ஊன்றியிருந்தாள். பிறகு ஒரு காலை ஊன்றினாள். கையில் ஒட்டிய சிமென்ட் தூளைக் கமீஸில் துடைத்தாள். என்னையும் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. தன்னைத் தள்ளிவிட்ட வெடிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த மூலையை நோக்கி, முன்பைவிட வேகமாகப் போனாள்.