பழகின நாய்

எங்கள் பிள்ளைப்பாக்கத்து நிலங்களில் பாதியைச் சுற்றி ஒரு கம்பெனி கம்பிவேலி போட்டது 1991இல். அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் கன்றுக்குட்டி வேலியின் ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டது. இருட்டுவதற்குள் கொண்டுவராவிட்டால் அம்மா தோலை உரித்துவிடுவாள் என்று அக்காவும் நானும் ஓடினோம்.

வேலியில் இங்கிலீஷில் ஒரு பலகை தொங்கியது. எட்டாம் வகுப்பு அக்கா படித்தாள்: "டிரெய்ன்டு டாக்ஸ்."

"ரயில்ல வந்த நாயா?" என்றேன்.

"லூசு. டிரெய்ன்னா பழக்கறது. நேத்துதான் டீச்சர் நடத்துனாங்க. வினைச்சொல்லோட 'இ-டி' சேத்து, பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வச்சா, அது பெயரடை ஆயிடும். எப்படிப்பட்ட நாய்னு சொல்லும். பாயில்டு எக்னா வேகவச்ச முட்டை. அதே மாதிரி, இது பழகுன நாய்."

பழக்கின நாய்க்கும் பழகின நாய்க்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அக்கா அதைக் கவனிக்கவில்லை. டீக்கடை நாய் மாதிரி வாலை ஆட்டும் என்று நம்பி உள்ளே நுழைந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

அவள் கன்றின் கயிற்றைப் பிடித்தபோது, செங்கல் குவியலுக்குப் பின்னாலிருந்து அது எழுந்து வந்தது. கறுப்பு நாய், கன்றின் உயரம். குரைக்கவே இல்லை. அக்காவின் கையையே பார்த்தபடி நின்றது. அவள் பின்வாங்கினாள்; அது முன்னால் வந்தது.

"ஓடாதடி," என்றாள், உதடு அசையாமல். என் பாவாடை நனைந்துவிட்டது.

"ஸிட்!"

நாய் சட்டென்று உட்கார்ந்தது. காக்கிச் சட்டையில் தடியோடு வந்தவர் எங்கள் சித்தப்பா. போன வருஷம்வரை அதே மண்ணில் வேர்க்கடலை போட்டவர். வாட்ச்மேன் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார்.

"சித்தப்பா!" என்று அழுதேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஷெட் வாசலில் நின்ற மேனேஜரைப் பார்த்தார்.

"யாருய்யா அது?" என்றார் மேனேஜர்.

"தெரியல சார். ஊர்ப் பசங்க." சித்தப்பா எங்கள் பக்கம் தடியை நீட்டினார். "ஏய், கன்னுக்குட்டிய ஓட்டிக்கினு போங்க. இன்னொரு தபா வந்தீங்க, நாய வுட்டுடுவேன்."

வேலை முடிந்ததும் சித்தப்பா பன் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். அக்கா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"இன்னா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள். அவர் பொட்டலத்தை நீட்டினார். நான்தான் போய் வாங்கினேன். அவர் என்னைப் பார்க்காமல் வேலிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாவம், சித்தப்பாவுக்கும் அந்த நாயைக் கண்டால் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.