ரேணுகாதேவி பிடித்த தேள்கள்

சேவூரில் பட்டு நெய்யும் ரேணுகாதேவிக்குப் பல்லியைக் கண்டாலே குலைநடுங்கும். அப்படிப்பட்டவள் போன ஆவணியில் கையில் இடுக்கியோடு வயலோரக் கற்களைப் புரட்டித் தேள் தேடினாள் என்றால், காரணம் அவள் கணவர் ராமதாஸ்தான்.

அவருக்கு மூளையில் கட்டி. வேலூரில் அறுத்து எடுத்தார்கள். சில மாதத்தில் மறுபடி வளர்ந்துவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்த வாரம், எதிர்வீட்டு இளமதி லீவில் வந்திருந்தாள். வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. தேள் விஷத்தில் இருக்கும் ஒரு பொருள் மூளைக் கட்டியில் போய் ஒட்டிக்கொள்கிறதாம், அதிலிருந்து மருந்து தேடுகிறார்களாம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள்.

“தேளு உயிரோட இருந்தாத்தான் விஷம் எடுக்க முடியும்க்கா. ஆனா மருந்தா வர்றதுக்கு வருஷக்கணக்குல ஆவும்.”

ரேணுகாதேவியின் காதில் முதல் பாதிதான் ஏறியது. பாவம், அவளுக்கும் ஒரு பிடிமானம் வேண்டுமே!

ஒரு வாரம் அலைந்து ஏழெட்டுச் செந்தேள்களைப் பிடித்துவிட்டாள். “பல்லிக்கு அலறுனவ, இப்ப தேளோட குடித்தனம் பண்ணிகினு இருக்கா பாரு” என்று ராமதாஸ் படுக்கையிலிருந்தே கிண்டலடித்தார். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

காலியான சேலைப் பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, தேள்களை விட்டு, மூடிக் கயிறு கட்டி, வேலூர் பஸ் ஏறினாள். அங்கே இளமதி பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை குப்பென்று அடித்தது. பட்டுச்சேலையைப் பூச்சி அரிக்காமலிருக்க, பெட்டியை மூடும்போதெல்லாம் இரண்டு உருண்டை போட்டுப் பழகிய கை அன்றும் போட்டிருக்கிறது. ஒரு தேள்கூட அசையவில்லை.

இளமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உயிரோட கொண்டாந்திருந்தாலும் மாமாவுக்கு மருந்து ஆயிருக்காதுக்கா. நான்தான் அன்னிக்கே புரியிற மாதிரி சொல்லல.”

நூறு பேர் சொன்னாலும் மனசு கேட்குமா? தன் கையாலேயே அவரைக் கொன்றுவிட்டதாக நினைத்து, திரும்பும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும்வரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டில் ராமதாஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுத்துக்கினாங்களா?”

“எடுத்துக்கினாங்க.”

“மருந்து ஜல்தி வருமா?”

“வந்துடும்ங்க.”

அந்தப் பொய்யில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “என் சம்சாரம் புடிச்ச தேளுல மருந்து ஆவுது” என்று பெருமையடித்தார். அப்போதெல்லாம் அவள் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ஐப்பசியில் பேச்சு குழற ஆரம்பித்தது. இறப்பதற்கு முதல் நாள் காலை அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ரேணு, ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்துச்சே, அதுக்கும் இதே கட்டி. பத்து வயசு இருக்குமா?”

“இருக்கும்ங்க.”

“மருந்து வந்துச்சுன்னா மொதல்ல அதுக்குக் குடுக்கச் சொல்லு. நான் வாழ்ந்துட்டேன். எனக்கு அப்புறமா குடுக்கட்டும்.”

“சொல்றேங்க” என்றாள் ரேணுகாதேவி. அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.